கொப்பூழ்க்கொடியும் கழியொலியும்

பிரிக்க முடியாத உறவைத் தமிழ் மக்கள் ‘தொப்புள்கொடி உறவு’ என்பர். நூல் வழக்கிற் கொப்பூழ்க்கொடி எனப்படும் அக்கொடி, குழந்தை பிறந்தவுடன் வெட்டப்பட்டுச் சில நாட்களில் உலர்ந்து உதிர்ந்துவிடுகிறது. ஆயினும் கருப்பையுள் வாழும் காலமெல்லாம் குழந்தைக்கு ஊட்டமும் ஒட்சிசனும் வந்து சேரும் வழி அஃதொன்றே. அவ்வழி அடைபட்டால் குழந்தை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அதில் ஏதேனும் பழுதுண்டா என்பதைப் பிறப்புக்கு முன்னரே அறிய முடியுமா என்னும் வினா மிகப் பழையது. அதற்குத் தக்க விடை கிடைத்ததோ கடந்த எழுபது ஆண்டுகளுக்குள்ளேயே. அந்த விடை எவ்வாறு வந்தது, அதனால் விளைந்த நன்மை எத்துணை, அதன் எல்லை யாது என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவது பயனுடைத்து.

முதற்கண் கொடியின் அமைப்பை அறிதல் வேண்டும். நிறைமாதக் குழந்தையின் கொடி பொதுவாக 50 முதல் 60 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. அதனுள் மூன்று குருதிக்கலன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நாளம், இரண்டு நாடிகள். பேச்சுவழக்கில் நஞ்சுக்கொடி எனப்படும் சூல்வித்தகத்திலிருந்து ஒட்சிசன் செறிந்த குருதியை நாளம் குழந்தைக்குக் கொண்டுவருகிறது. கழிவுப்பொருள்களைக் கொண்ட குருதியை நாடிகள் இரண்டும் சூல்வித்தகத்துக்குத் திருப்பிச் செலுத்துகின்றன. இம்மூன்று கலன்களையும் சுற்றி வழுவழுப்பான பாகு போன்றதொரு பொருள் நிறைந்திருக்கிறது. கொடி வளைந்தாலும் அழுந்தினாலும் உள்ளிருக்கும் கலன்கள் எளிதில் நசுங்காதபடி அது மெத்தைபோற் காக்கிறது. இலண்டன் வைத்தியராகிய தோமஸ் வார்ட்டன் 1656இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். இன்றும் அப்பாகு அவர் பெயராலேயே வழங்குகிறது.

கொடியைப் பற்றிய பழைய அறிவு முழுவதும் இறந்தோரிடமிருந்து பெற்ற அறிவாகும். இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி 1511ஆம் ஆண்டளவிற் கருப்பையுள் அடங்கியிருக்கும் குழந்தையை வரைந்தார். உலகம் போற்றும் அவ்வோவியத்திலும் ஒரு பிழையுண்டு. பசுவின் கருப்பையிற் காணப்படும் பல கூறுகளையுடைய சூல்வித்தகத்தை அவர் மானிடத் தாயின் கருப்பையில் வரைந்துவிட்டார். கண்ணாற் காண வாய்ப்பில்லாத இடத்தைப் பற்றி மேதையும் ஊகித்தே எழுத வேண்டியிருந்தது என்பதற்கு இது சான்று.

இரண்டரை நூற்றாண்டு கழித்து வில்லியம் ஹன்டர் என்னும் வைத்தியர், கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் உடல்களை ஆராய்ந்து, 1774இல் 34 பெரும் படங்களைக் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். தாயின் குருதியும் சேயின் குருதியும் நேரே கலப்பதில்லை, இரண்டும் வெவ்வேறு ஓட்டங்கள் என்னும் உண்மையை நிலைநாட்டியதில் அவருக்கும் அவர் தம்பி ஜோனுக்கும் பெரும் பங்குண்டு. ஹன்டர் ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். தொழில் புரிந்தது இலண்டனில். எனினும் தம் அரும்பொருள் தொகுதியைக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுச் சென்றார். அந்நகரின் பெயரை நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வரலாறு மீண்டும் அங்குதான் செல்லவிருக்கிறது.

உயிரோடிருக்கும் குழந்தையின் நிலையை அறிய முதலில் உதவியது செவியே. பிரான்சு நாட்டு வைத்தியர் கெர்கராடெக், லெனெக் என்பார் புதிதாகக் கண்ட இதயவொலிக் குழலைக் கருவுற்ற தாயின் வயிற்றில் வைத்துக் கேட்டார். குழந்தையைச் சூழ்ந்த நீரின் அசைவைக் கேட்பதே அவர் நோக்கம். கேட்டதோ குழந்தையின் இதயத் துடிப்பு. 1821இல் அவர் இதனைப் பாரிஸ் நகர வைத்தியக் கழகத்துக்கு அறிவித்தார். அதன் பின்னர் மருத்துவச்சிமாரும் வைத்தியர்களும் குழல் வைத்துக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. துடிப்புத் தளர்ந்தால் கொடி அழுந்துகிறதென்று ஐயுறலாம். ஆனால் எங்கே, எதனால் என்பதைச் செவி சொல்லாது. மேலும், துடிப்புத் தளரும் வேளையிற் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அக்காலத்து வைத்தியர் அஞ்சிய ஆபத்துகளுள் ஒன்றை ஜேர்மனியரான பென்கிசர் 1831இல் விவரித்தார். கொடி வழக்கமாகச் சூல்வித்தகத்தின் நடுப்பகுதியிலோ அதனை அடுத்தோ இணையும். நூற்றில் ஒன்றளவான கருப்பங்களில் அது சூல்வித்தகத்தில் நேரே இணையாமற் குழந்தையைச் சூழ்ந்த மென்சவ்விற் போய் இணைகிறது. அங்கிருந்து குருதிக்கலன்கள் பாகின் காப்பின்றிச் சவ்வின் மீதே ஓடிச் சூல்வித்தகத்தை அடைகின்றன. அவ்வாறு ஓடும் கலன்கள் கருப்பையின் வாயிலுக்கு நேராக அமைந்துவிட்டால், அந்நிலையை ‘வாசா பிரீவியா’ என்பர். ஏறத்தாழ 2500 கருப்பங்களில் ஒன்றில் இது நேர்கிறது. பேற்று வேளையிற் பன்னீர்க்குடம் உடையும்போது சவ்வோடு சேர்ந்து அக்கலன்களும் கிழியக்கூடும். அப்போது வெளிவருவது தாயின் குருதியன்று, குழந்தையின் குருதி. மூன்று கிலோ நிறையுள்ள குழந்தையின் உடலில் உள்ள குருதி முழுவதும் கால் லீற்றரைச் சற்றே ஒத்தது. தாய்க்குச் சிறிதெனத் தோன்றும் குருதிப்போக்குச் சேய்க்கு உயிர்ப்போக்காக முடியும். நூறாண்டுக்கு மேலாக வைத்தியர்கள் இந்நிலையைப் பெரும்பாலும் பேறு முடிந்தபின் சூல்வித்தகத்தை விரித்துப் பார்த்தே அறிந்தனர். அறிந்த வேளையிற் செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபோது உடலின் உள்ளே காணும் வழி திறந்தது. ஆயினும் அக்கதிர் எலும்பைக் காட்டுமேயன்றிக் கொடிபோன்ற மென்பொருளைத் தெளிவாகக் காட்டாது. அன்றியும், அலிஸ் ஸ்டுவேட் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி 1956இலும் 1958இலும் வெளியிட்ட ஆய்வுகள், கருவிலிருக்கும்போது எக்ஸ் கதிர் பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டின. கதிரின்றிக் காணும் வழியொன்று இன்றியமையாததாயிற்று.

அவ்வழி வைத்தியத் துறையிலிருந்து வரவில்லை. கடலிலிருந்தும் இரும்புத் தொழிற்சாலையிலிருந்தும் வந்தது. மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுடைய ஒலியே கழியொலி எனப்படும். பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும் 1880இற் சில பளிங்குகளை அழுத்தினால் மின் தோன்றுவதைக் கண்டனர். அத்தகைய பளிங்குக்கு மின்னூட்டினால் அது அதிரும் என்பதும் விரைவிற் புலனாயிற்று. 1912இல் ‘டைட்டானிக்’ கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபின், நீருக்குள் மறைந்திருப்பதை எதிரொலியால் அறியும் முயற்சி வலுத்தது. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டுப் பிரெஞ்சு அறிஞர் போல் லாஞ்செவன் பளிங்கினாற் கழியொலியை எழுப்பி அதன் எதிரொலியைப் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வார்ப்பிரும்பினுள்ளும் பற்றவைத்த மூட்டுகளிலும் மறைந்திருக்கும் வெடிப்பைக் காண இதே முறை பயன்பட்டது. உலோகத்தை உடைக்காமலே அதன் உட்பழுதை எதிரொலி காட்டிற்று.

போரில் அரச விமானப்படையின் வைத்தியராகப் பணியாற்றிய இயன் டொனால்ட், 1954இற் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியரானார். இரும்பின் உட்பழுதைக் காட்டும் எதிரொலி பெண்ணின் வயிற்றுக் கட்டியையும் காட்டாதோ என்பது அவர் வினா. 1955 யூலை மாதத்தில், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகள் சிலவற்றை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ரென்பிறூ நகரிலிருந்த கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். அங்கு உலோகத்தைச் சோதிக்கும் கருவியைக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தபோது, நீர் நிறைந்த கட்டியும் தசைக் கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பின்னர் தொம் பிரவுன் என்னும் இளம் பொறியியலாளரும் ஜோன் மக்விக்கார் என்னும் வைத்தியரும் அவருடன் இணைந்தனர். தொடக்கத்தில் ஏளனம் செய்தோர் பலர். வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டதெனக் கைவிடப்பட்ட ஒரு பெண்மணியைக் கருவியாற் சோதித்தபோது, சூலகத்தில் எழுந்த பெரும் நீர்க்கட்டியே நோய் என்பது தெரியவந்தது. அது அகற்றப்பட்டு அவர் பிழைத்தார். ஏளனமும் அடங்கிற்று. 1958 யூன் 7ஆம் திகதி ‘லான்செற்’ இதழில் மூவரும் வெளியிட்ட கட்டுரையிற் கருப்பையுள் இருக்கும் குழந்தையின் தலையும் படமாக இடம்பெற்றது. ஹன்டர் இறந்த தாயரின் உடலிற் கண்டதை, அவருடைய தொகுதியைப் பேணும் பல்கலைக்கழகத்தார் உயிரோடிருக்கும் தாயிடத்திற் காணத் தொடங்கினர்.

டொனால்ட் தொழிற்சாலைக்குச் சென்ற அதே 1955ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பெனிர்ஷ்கே என்னும் நோயியலறிஞர் பிரவுன் என்பாருடன் சேர்ந்து, இரண்டு நாடிகளுக்குப் பதிலாக ஒரே நாடியைக் கொண்ட 55 கொடிகளைப் பற்றி எழுதினார். அக்குழந்தைகள் பலரிடத்தில் உறுப்புக் குறைகள் காணப்பட்டன. கொடியின் அமைப்பு, குழந்தையின் உடல்நிலையை முன்னறிவிக்கும் குறியாகலாம் என்பதை அவ்வாய்வு உணர்த்திற்று. ஆயினும் கொடியை அறுத்துப் பார்த்தபின்னரே அக்குறியைப் படிக்க முடிந்தது. பிறக்குமுன் படிப்பதற்குக் கருவியின் கூர்மை இன்னும் போதவில்லை.

அக்கூர்மை படிப்படியாக வந்தது. 1965இல் ஜேர்மனியில் வெளிவந்த ‘விடோசன்’ என்னும் கருவி, குழந்தை அசைவதை அசையும்போதே காட்டிற்று. 1970களிற் படங்கள் கருமை வெண்மை என்னும் இரண்டோடு நில்லாது, பலதரச் சாம்பல் நிறச் சாயல்களைப் பெற்றன. அப்போது கொடியைக் குறுக்காக நோக்கினால் ஒரு பெரிய வட்டமும் இரு சிறிய வட்டங்களும் தெளிவாகத் தோன்றின. சிறிய வட்டம் ஒன்றே இருந்தால் நாடி ஒன்று குறைவென்று அறியலாம்.

குருதியின் ஓட்டத்தை அறிய உதவியது வேறொரு தத்துவம். அசையும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வு மாறும் என்பதை ஒஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியான் டொப்ளர் 1842இற் கூறினார். நெருங்கி வரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பது இதனாலேயே. ஓடும் குருதியின் செந்நிற அணுக்களிற் பட்டுத் திரும்பும் கழியொலியும் இவ்வாறே மாறும். யப்பானியரான சத்தோமுரா 1950களில் இதனை இதயத்தின் அசைவை அறியப் பயன்படுத்தினார். 1977இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிற்ஸ்ஜெரால்டும் டிரம்மும் கொப்பூழ்க்கொடியினூடே பாயும் குருதியின் ஓட்டத்தைத் தாயின் வயிற்றுக்கு மேலிருந்தே அளந்து காட்டினர். 1980களில் ஓடும் குருதியை நிறங்களாகக் காட்டும் முறை வந்தது. காணாதிருந்த கலன்கள் திரையிற் செந்நிறமாகவும் நீலமாகவும் துலங்கின.

இக்கருவியின் பயனை அளந்து பார்த்தபோது மூன்று வேறு விடைகள் கிடைத்தன. அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதலாவது, முன்னறிவே உயிரைக் காத்த நிலை. வாசா பிரீவியாவைப் பற்றி 2004இல் ஒயெலெசே முதலானோர் வெளியிட்ட ஆய்வு 155 கருப்பங்களை எடுத்துக்கொண்டது. பிறப்புக்கு முன்னரே இந்நிலை அறியப்பட்ட 61 கருப்பங்களில் 97 வீதமான குழந்தைகள் பிழைத்தன. அறியப்படாதிருந்த 94 கருப்பங்களிற் பிழைத்தவை 44 வீதமே. பழுது இரு சாராருக்கும் ஒன்றே. வேறுபாடு முன்னறிதலில் இருந்தது. அறிந்தவிடத்துப் பன்னீர்க்குடம் உடையக் காத்திராமல், 34ஆம் வாரத்துக்கும் 37ஆம் வாரத்துக்கும் இடையில் அறுவை மூலம் குழந்தையை வெளிக்கொணர்வர். முதிராத குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும்படி தாய்க்கு முன்னரே மருந்தூசி போடுவதும் உண்டு. நியூசிலாந்து நாட்டு அறிஞர் லிக்கின்சும் ஹவியும் 1972இல் அறிவித்த ஆய்வே அச்சிகிச்சைக்கு அடிப்படை.

கொடியினூடே குருதியோட்டத்தை அளப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. சூல்வித்தகம் நலிந்தால் நாடியில் ஓட்டம் தளரும். இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் ஓட்டம் நின்றுவிடும். மேலும் முற்றினால் எதிர்த்திசையில் ஓடும். குழந்தையை எப்போது வெளிக்கொணர வேண்டும் என்பதை இக்குறிகள் உணர்த்துகின்றன. பத்தாயிரத்துக்கும் சற்று அதிகமான தாய்மாரை உள்ளடக்கிய 18 ஆய்வுகளின் தொகுப்பு 2010இல் வெளியாயிற்று. ஆபத்து மிகுந்த கருப்பங்களில் இச்சோதனையாற் குழந்தை இறப்பு 29 வீதம் குறைந்ததாக அது கூறிற்று. ஆபத்துக் குறி ஏதுமில்லாத தாய்மார் எல்லோருக்கும் இதனைச் செய்வதால் அத்தகைய நன்மை உண்டென்பது நிறுவப்படவில்லை.

இரண்டாவது, முன்னறிவு பழைய அச்சத்தைத் திருத்திய நிலை. ஒற்றை நாடிக் கொடியைப் பற்றிய முதல் அறிவு பெரும்பாலும் நோயியல் மேசையிலிருந்து வந்தது. அம்மேசைக்கு நலமாகப் பிறந்த குழந்தைகளின் கொடிகள் மிகுதியாக வருவதில்லை. ஆகவே அபாயம் உள்ளதினும் பெரிதாகத் தோன்றிற்று. கழியொலிச் சோதனை பரவி, உயிரோடிருக்கும் குழந்தைகள் எல்லோரையும் நோக்கியபோது, நூறு கருப்பங்களுக்கு ஒன்றளவில் ஒற்றை நாடி இருப்பதும், வேறு குறை இல்லாதவிடத்து அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் நலமே பிறப்பதும் தெரியவந்தன. இன்று ஒற்றை நாடி காணப்பட்டால் இதயத்தையும் சிறுநீரகங்களையும் கூர்ந்து நோக்கி, வளர்ச்சியையும் கவனித்து வருவர். அது ஒரு குறியே, தீர்ப்பன்று.

மூன்றாவது, அறிவதாற் பெரும்பயன் விளையாத நிலை. நான்கு அல்லது ஐந்து பிறப்புகளுக்கு ஒன்றிற் கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருக்கும். இதனைக் கொடி சுற்றிப் பிறத்தல், மாலை சுற்றிப் பிறத்தல் என்று நம்மவர் கூறுவர். அவ்வாறு பிறந்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்னும் நம்பிக்கையும் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. குற்றமொன்றும் அறியாத சிசுவின்மேல் பிறந்த கணத்திலேயே பழி சுமத்தும் நம்பிக்கை அது. நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்னும் கணக்கே அதற்கு விடை. கருப்பையுள் குழந்தை கழுத்தின் வழியே மூச்சு விடுவதில்லை. கொடியின் வழியே ஒட்சிசன் பெறுகிறது. பாகின் காப்பும் கொடியின் நீளமும் போதியனவாக இருப்பதாற் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. பேற்றின்போது மருத்துவச்சி சுற்றை விரலாலே தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார். கழியொலித் திரையில் ஒரு நாள் தோன்றும் சுற்று மறுவாரம் அவிழ்ந்துமிருக்கலாம். ஆகவே இச்செய்தி தாய்க்கு அச்சத்தைத் தருவதன்றி வேறொன்றும் தராது. அறுவைக்கு இது ஒன்றே காரணமாதலும் தகாது. பழைய நம்பிக்கை மாமனை அச்சுறுத்திற்று. விளக்கமின்றிச் சொல்லப்படும் புதிய படம் தாயை அச்சுறுத்தும்.

கருவியின் கண்ணுக்குத் தப்புவனவும் உள. கொடியில் விழும் முடிச்சுப் பெரும்பாலும் பிறந்தபின்னரே தெரிகிறது. பன்னீர்க்குடம் உடைந்தவுடன் கொடி குழந்தைக்கு முன்னே நழுவி வரும் ஆபத்தைப் பொதுவாக முன்னறிய முடிவதில்லை. அவ்வேளையிற் குழந்தையின் தலை கொடியை அழுத்தாதபடி கையால் தாங்கிக்கொண்டு, தாயை விரைந்து அறுவைக் கூடத்துக்கு எடுத்துச் செல்லும் திறமையே உயிர் காக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் பணியைக் கருவி நீக்கிவிடவில்லை.

கொடியின் பழுதைக் கழியொலி திருத்துவதில்லை. அது தருவது நேரம் ஒன்றே. நேரம் கிடைத்தவிடத்துச் செய்யத்தக்கது உண்டாயின் அதனால் உயிர் பிழைக்கும். செய்யத்தக்கது இல்லையாயின், அச்செய்தியை நிதானத்தோடு சொல்லும் நா வேண்டும். வாசா பிரீவியாவைத் தேடிக் காணும் சோதனை எல்லா நாடுகளிலும் வழமையாக நடைபெறுவதில்லை. சூல்வித்தகம் தாழ்ந்திருந்தவர், இரட்டைக் கரு உடையவர், செயற்கை முறையிற் கருத்தரித்தவர் ஆகியோரிடத்து இந்நிலை நேரும் வாய்ப்பு மிகுதி. கருவின் உறுப்புகளைப் பார்ப்பதற்காக 20ஆம் வாரத்தை ஒட்டிச் செய்யப்படும் சோதனையின்போது, சூல்வித்தகம் எங்கே இருக்கிறது, கொடி அதில் எவ்விடத்தில் இணைந்திருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளைத் தாய் தன் வைத்தியரிடம் கேட்கலாம். ஹன்டரின் காலத்துத் தாய்க்கு இக்கேள்விகளைக் கேட்கவும் வழியில்லை. கேட்டாலும் விடை சொல்வாரில்லை. இன்று சில நிமிடச் சோதனையில் விடை கிடைக்கிறது.